சேமிப்பு அரசுக்கு, கடன் சேரிக்கு: கிராமப்புற வீட்டு எரிசக்திக் கடன்களை ஏன் எதிர்க்க வேண்டும்?

கிராமப்புற வீடுகளின் எரிசக்திப் பயன்பாட்டைத் திறன்மிக்கதாக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் விளக்கு, மின்விசிறி, புகையில்லா அடுப்பு, வெப்பத்தைத் தடுக்கும் கூரை, கூரைமேல் சூரியத் தகடு ஆகிய அனைத்தும் தேவையானவையே. கேள்வி அவற்றின் விலையை யார் தருவது என்பதில்தான் எழுகிறது. அண்மைக்கால அரசுக் கொள்கை இக்கேள்விக்கு ஒரே விடையை நோக்கி நகர்ந்து வருகிறது: அரசு ஒரு பகுதியை மானியமாகத் தரும், மீதியைக் குடும்பம் அரசின் ஆதரவோடு கிடைக்கும் கடனில் வாங்கிக்கொள்ளும், மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை கடனை அடைத்துவிடும்.

பட்டியல் சாதிக் குடும்பங்களைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு கணக்கிலும் சட்டத்திலும் பிழையானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. கூலிக் குடும்பத்தின் வீட்டில் மின்சாரம் மிச்சமானால் அந்தப் பணம் பெரும்பாலும் அக்குடும்பத்துக்குப் போவதில்லை, அரசுக்கும் மின்வாரியத்துக்கும் போகிறது. கடன் மட்டும் குடும்பத்தின் பெயரில் நிற்கிறது.

கடன் திட்டத்தின் அடிப்படைக் கணக்கு

எரிசக்திக் கடன் ஓர் எளிய எண்ணத்தின் மேல் நிற்கிறது. ஒரு வீடு மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மின்சாரத்துக்குச் செலவிடுகிறது. புதிய கருவி வந்தபின் அச்செலவு குறைகிறது. குறைந்த தொகை தவணையைவிட அதிகமாக இருந்தால், குடும்பம் கையிலிருந்து எதையும் தராமலேயே கடன் அடைந்துவிடும்.

அமெரிக்காவில் இந்த எண்ணம் சட்ட வடிவம் பெற்றது. அங்கு 2014ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தின் வழியாக, கிராமப்புற மின் கூட்டுறவு நிறுவனங்களுக்கு அரசு வட்டியின்றிக் கடன் தருகிறது. அவை குறைந்த வட்டியில் வீட்டு உரிமையாளர்களுக்குக் கடன் கொடுத்து, மின்கட்டணப் பட்டியலோடு சேர்த்து வசூலிக்கின்றன. குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றவும் கோடையில் குளிர்விக்கவும் மாதம் பல நூறு யூனிட் செலவிடும் வீடுகளுக்காக வகுக்கப்பட்ட முறை அது.

இந்தியாவில் இதே எண்ணம் மூன்று வடிவங்களில் வந்துள்ளது. முதலாவது, வங்கிக் கடன். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் சூரிய வீடு திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட இத்திட்டம், மானியத்தோடு பிணையற்ற வங்கிக் கடனையும் இணைக்கிறது. இரண்டாவது, மின்கட்டணத்தோடு தவணை. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்புகள் சில மாநிலங்களில் இம்முறையில் வழங்கப்பட்டன. மூன்றாவது, மானியத்திலிருந்து பிடித்தம். 2016இல் தொடங்கிய உஜ்வாலா எரிவாயுத் திட்டத்தில் இம்முறை பின்பற்றப்பட்டது.

வடிவம் எதுவாயினும் மூன்றுக்கும் பொதுவான முன்நிபந்தனை ஒன்று உண்டு. மிச்சப்படுத்துவதற்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு செலவு இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சேரியில் இக்கணக்கு நிற்குமா?

தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. குடிசைகளுக்கான இலவச மின்இணைப்பு அதற்கும் பல ஆண்டுகள் முற்பட்டது. இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி என்ற அளவில் வாழும் கூலிக் குடும்பத்தின் பயன்பாடு பெரும்பாலும் இந்த வரம்பை ஒட்டியே இருக்கும். 2024 ஜூலை கட்டண விகிதத்தின்படி, இரண்டு மாதங்களில் 200 யூனிட் பயன்படுத்தும் வீடு செலுத்த வேண்டியது 235 ரூபாய்.

இப்போது கடனைக் கணக்கிடுவோம். சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாயும், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம். முதல் இரண்டு கிலோவாட் வரை இது அடிப்படை விலையில் 60 விழுக்காடு. அதாவது மிகச் சிறிய அமைப்புக்கே குடும்பம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும். திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட 7 விழுக்காடு வட்டியில் இத்தொகையை ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 396 ரூபாய், இரு மாதங்களுக்கு 792 ரூபாய். பத்தாண்டுக் கடனாக நீட்டினாலும் இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 464 ரூபாய்.

மின்கட்டணமே செலுத்தாத வீட்டுக்கு இதில் மிச்சம் எதுவுமில்லை. 235 ரூபாய் செலுத்தும் வீடு தன் கட்டணம் முழுவதையும் மிச்சப்படுத்தினாலும் தவணையில் பாதியளவையே எட்டும். மீதி கூலியிலிருந்துதான் வர வேண்டும்.

மிகும் மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்து ஈட்டலாமே என்று கேட்கலாம். அந்த விலையை ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது, காலந்தோறும் மாற்றுகிறது. கடன் ஒப்பந்தம் அவ்விலையோடு பிணைக்கப்பட்டதன்று. விலை குறைந்தாலும் தவணை குறையாது. சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பொறுப்பு நாள்கூலி பெறும் குடும்பத்தின் மேல் விழுகிறது.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது?

மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் எடுக்கும். புதிய வகை மின்விசிறிக்கு 35 வாட்டுக்குக் குறைவாகவே போதும். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் இரு மாதங்களில் 24 யூனிட் மிச்சம். இலவச வரம்புக்குள் இருக்கும் வீட்டில் இந்த 24 யூனிட்டின் மதிப்பு குடும்பத்துக்குச் சுழியம்.

ஆனால் அந்த மின்சாரத்துக்கு ஒரு விலை உண்டு. மின்சாரச் சட்டம் 2003இன் 65ஆம் பிரிவு, மாநில அரசு எந்தப் பிரிவினருக்கேனும் கட்டணச் சலுகை அளிக்க விரும்பினால் அதற்கான தொகையை மின்பகிர்மான நிறுவனத்துக்கு அரசே முன்கூட்டிச் செலுத்த வேண்டும் என்கிறது. இலவச 100 யூனிட்டின் விலையை அரசுக் கருவூலம் இவ்வாறுதான் ஏற்கிறது. எனவே ஏழை வீட்டில் 24 யூனிட் குறைந்தால் அரசின் மானியச் செலவு குறைகிறது. கோடை மாலையில் விலை ஏறும் மின்சாரத்தை வாரியம் வெளியிலிருந்து வாங்கும் தேவையும் அந்த அளவுக்குக் குறைகிறது.

பயன் பெறுபவர் செலவை ஏற்க வேண்டும் என்பது பொது நிதியின் எளிய நெறி. அதன்படி இந்த மின்விசிறியின் விலையைத் தர வேண்டியது அரசு. கடன் திட்டம் இதைத் தலைகீழாக்கி, அரசின் சேமிப்புக்கான முதலீட்டை அரசைவிட வறிய குடும்பத்தின் கடனாக மாற்றுகிறது.

இன்னொன்றும் நடக்கும். வெயிலில் வேகும் வீட்டில் மின்விசிறியின் செலவு குறைந்தால் அக்குடும்பம் அதைக் கூடுதல் நேரம் ஓடவிடும். அது வீண்செலவன்று, இதுவரை மறுக்கப்பட்ட உறக்கம். ஆனால் உறக்கத்தைக் கொண்டு தவணை செலுத்த இயலாது. தேவைக்கும் குறைவாகவே எரிசக்தி பயன்படுத்தும் வீடுகளில் திறன் மேம்பாடு வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும், ரொக்கத்தைத் தராது. கடன் கொடுப்பவர் கேட்பதோ ரொக்கம்.

உஜ்வாலா தந்த பாடம்

இது வெறும் ஊகமன்று, ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. 2016 மே 1 அன்று தொடங்கப்பட்ட உஜ்வாலா திட்டத்தில், ஓர் இணைப்புக்கு 1,600 ரூபாயை அரசு ஏற்றது. அடுப்பும் முதல் சிலிண்டரும் பயனாளியின் செலவு. கையில் பணமில்லாதோர் எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து அதைக் கடனாகப் பெறலாம். அடுத்தடுத்த சிலிண்டர்களுக்குரிய மானியத்திலிருந்து அக்கடன் பிடிக்கப்படும். தாளில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை.

நடைமுறையில், மானியம் பிடிக்கப்பட்டதால் பெண்கள் முழு விலை கொடுத்துச் சிலிண்டர் வாங்க வேண்டியதாயிற்று. பலர் வாங்கவில்லை, விறகுக்குத் திரும்பினர். சிலிண்டர் வாங்காததால் பிடிப்பதற்கு மானியமும் இல்லை, கடனும் அடையவில்லை. இத்திட்டம் குறித்த தம் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் இதைப் பதிவு செய்தார். 2018 டிசம்பர் இறுதியில் பயனாளிகளின் சராசரி ஆண்டுப் பயன்பாடு 3.21 சிலிண்டர் மட்டுமே. கடன் பெற்ற 92 இலட்சம் பேரின் குறைந்த பயன்பாட்டால் 1,234.71 கோடி ரூபாய் வசூலாகாமல் நின்றது.

அரசு முதலில் கடன் பிடித்தத்தைத் தள்ளிவைத்தது. பின்னர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அடுப்பையும் முதல் சிலிண்டரையும் இலவசமாகவே வழங்கியது. ஏழைக் குடும்பத்துக்கு எரிசக்திக் கருவியைக் கடனாகத் தருவது பயன்பாட்டையே தடுக்கிறது என்பதை அரசு தன் செயலால் ஏற்றுக்கொண்ட தருணம் அது. அந்தப் பாடம் அடுத்த திட்டங்களுக்குக் கடத்தப்படவில்லை.

கூரை, பட்டா, வங்கி

சூரிய வீடு திட்டத்தில் சேர, தகடு பொருத்தத் தகுந்த கூரையுள்ள சொந்த வீடும் முறையான மின்இணைப்பும் வேண்டும். சாதியை எங்கும் குறிப்பிடாத நிபந்தனை இது. ஆனால் நிலமும் வீடும் சாதியால் பங்கிடப்பட்ட நாட்டில், அதன் விளைவு சாதியைச் சார்ந்தே அமையும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஐவரில் ஒருவர் பட்டியல் சாதியினர். நாடு முழுவதிலும் அவர்கள் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலோ, நாட்டின் சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையிலிருந்தது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே.

வீட்டுமனையின் நிலையும் இதுவே. ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கிய இலவச மனைகள் பெரும்பாலும் நிபந்தனைப் பட்டாக்கள். 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரிசன நலத்திட்ட நிலமெடுப்புச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்ட நிலங்களில் பட்டா கொடுக்கப்பட்ட பின்னும் வருவாய்க் கணக்கில் உட்பிரிவு செய்யப்படாத ஊர்கள் பல. பட்டா தாத்தாவின் பெயரில் இருக்கும், மின்இணைப்பு இறந்துபோன தந்தையின் பெயரில் இருக்கும், வீட்டில் மூன்று குடும்பங்கள் வாழும். இவர்களுள் யார் விண்ணப்பிப்பது? சிமென்ட் அட்டைக் கூரைமேலும், கம்பி தெரிய ஒழுகும் பழைய தொகுப்பு வீட்டின் மேலும் தகட்டை எங்கே பொருத்துவது?

ஆவணம் சரியாக இருந்தாலும் வங்கி மேலாளரின் மேசை இருக்கிறது. தாட்கோ வழியாகப் பரிந்துரைக்கப்பட்ட விண்ணப்பங்கள் வங்கிகளில் கிடப்பில் போடப்படுவது இத்துறையில் பணியாற்றும் எவரும் அறிந்த செய்தி. சூரிய வீடு திட்டத்தின் மானியம் அமைப்பு நிறுவப்பட்ட பின்னரே வங்கிக் கணக்கில் வரவாகிறது. முன்பணம் புரட்ட இயலாதவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

ஆக, கடன் வழித் திட்டம் சேரியை இருவகையில் தாக்குகிறது. ஆவணமும் கூரையும் இல்லாதோரை விலக்குகிறது. அவை உள்ளோரைக் கடனாளியாக்குகிறது. பொது நிதியிலிருந்து செல்லும் மானியம், மாடி வீடும் தெளிவான பட்டாவும் நல்ல கடன் வரலாறும் உடைய ஊர்த் தெருவுக்குப் போய்ச் சேர்கிறது.

கடன் எல்லாருக்கும் ஒரே பொருளுடையதன்று

நடுத்தரக் குடும்பத்துக்குக் கடன் ஒரு நிதிக் கருவி. நிலமற்ற தலித் குடும்பத்துக்கு அது வரலாற்றுச் சுமை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு அடைபட்ட உழைப்பாளர்களின் கதை கடனில்தான் தொடங்குகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமை முறையை வரையறுக்கும்போது, முன்பணத்தோடு ஒருவர் குறிப்பிட்ட சாதியில் பிறந்ததையும் ஒரு காரணமாகச் சேர்த்துச் சொல்கிறது. சாதியும் கடனும் இந்நாட்டில் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்ட இடம் அது.

அரசு தரும் கடன் அப்படிப்பட்டதன்று என்பது உண்மை. ஆயினும் அரசுக் கடனின் தவணை நாளும் வேலையற்ற மாதமும் சேர்ந்து வரும்போது, அத்தவணையைக் கட்டுவதற்காக வாங்கப்படும் கைமாற்று யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது ஊர்க்காரரிடமிருந்தும், கங்காணியிடமிருந்தும், வாரத் தவணை நிறுவனங்களிடமிருந்தும் வருகிறது.

நுண்கடன் பற்றிய ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறை, ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த வரம்பு குடும்பத்தைக் காப்பதற்கானது. ஆனால் எரிசக்திக் கடனுக்கு ஒரு பங்கு போய்விட்டால், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ முறையான கடன் பெறும் இடம் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. அரசின் மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தருவதற்காக ஒரு பெண் தன் குழுக்கடன் வாய்ப்பை ஏன் இழக்க வேண்டும்?

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1999 வரை நடந்தபோது பட்டியல் சாதியினருக்கு 50 விழுக்காடு மானியமும் மீதி வங்கிக் கடனுமாகக் கறவை மாடும் ஆடும் வழங்கப்பட்டன. மாடு இறந்த பின்னும் கடன் நின்றது. மாடாவது பால் கறந்தது. மின்விசிறியும் கூரைப்பூச்சும் வருமானம் தரும் சொத்துகளல்ல, வாழ்வதற்கான அடிப்படை வசதிகள். அவற்றுக்குக் கடன் கொடுப்பது அதனினும் வலுவற்ற ஏற்பாடு.

மின்கட்டணத்தில் கடனைச் சேர்த்தால்

மின்கட்டணப் பட்டியலிலேயே தவணையைச் சேர்க்கும் முறை எளிமையானது என்று பரிந்துரைக்கப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் இது மிக ஆபத்தானது. மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, மின்கட்டணத்தையோ, மின்வழங்கல் தொடர்பாகச் செலுத்த வேண்டிய வேறு தொகையையோ ஒருவர் செலுத்தாவிட்டால், 15 நாள் எழுத்துவழி அறிவிப்புக்குப் பின் இணைப்பைத் துண்டிக்க அதிகாரம் அளிக்கிறது.

மின்விசிறிக்கோ சூரியத் தகட்டுக்கோ வாங்கிய கடனின் தவணை ‘மின்வழங்கல் தொடர்பான தொகை’ ஆகாது என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். அது வலுவான வாதமும்கூட. ஆனால் பட்டியலில் இரண்டும் ஒரே மொத்தமாக அச்சிடப்பட்டு, பகுதித் தொகையைக் கணினி ஏற்க மறுக்கும் நிலையில், அந்த வாதம் இணைப்பு துண்டிக்கப்பட்ட பின்னரே எழும். வங்கிக் கடன் நிலுவையானால் வங்கி அறிவிப்பு அனுப்பும், வழக்குத் தொடுக்கும், காலம் ஆகும். மின்கட்டணத்தில் கலந்த கடன் நிலுவையானால் வீடே இருளும். இலவச மின்சாரத்துக்கு உரிமையுள்ள குடும்பம், கடன் நிலுவையால் அந்த மின்சாரத்தையே இழக்கும் நிலை எந்த நலத்திட்டத்துக்கும் ஏற்புடையதன்று.

அரசமைப்பின் நோக்கில்

1995 டிசம்பரில் சமேலி சிங் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலித் மக்களுக்கு வீடு கட்ட நிலம் எடுத்ததை நிலவுடைமையாளர்கள் எதிர்த்த வழக்கு அது. நிலமெடுப்பை உறுதிசெய்த நீதிமன்றம், அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் உறைவிட உரிமையும் அடங்கும் என்றது. தலைக்குமேல் கூரை மட்டும் உறைவிடமன்று, போதிய இடமும் வெளிச்சமும் காற்றும் நீரும் மின்சாரமும் சாலையும் சேர்ந்ததே உறைவிடம் என்று விளக்கியது. சேரி வீட்டின் உரிமை பற்றிப் பேசிய தீர்ப்பில் மின்சாரம் உரிமையின் உறுப்பாகச் சொல்லப்பட்டிருப்பதை நாம் ஒவ்வொரு மனுவிலும் எடுத்துக்காட்ட வேண்டும்.

46ஆம் உறுப்பு, பட்டியல் சாதியினரின் பொருளாதார நலனைத் தனிக் கவனத்தோடு வளர்க்கவும், எல்லா வகைச் சுரண்டலிலிருந்தும் அவர்களைக் காக்கவும் அரசுக்குக் கட்டளையிடுகிறது. மின்சாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சிற்றூர்களும் குக்கிராமங்களும் உட்பட எல்லாப் பகுதிகளுக்கும் மின்வசதி அளிக்கும் முயற்சியை ஒன்றிய, மாநில அரசுகளின் கூட்டுப் பொறுப்பாக்குகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தபோது மின்சார வளர்ச்சியும் அவர் பொறுப்பில் இருந்தது. மின்சாரத்தைத் தனியார் இலாபத்துக்கு விடாமல் அரசின் பொறுப்பில் மலிவாகவும் தாராளமாகவும் வழங்குவதே வறுமை ஒழிப்பின் வழி என்ற திசையில் அவர் கொள்கை அமைந்தது. இன்று அந்தப் பொறுப்பு தனி வீட்டின் கடன் கணக்காகச் சுருக்கப்படுகிறது.

எதிர்வாதங்களும் மறுமொழியும்

இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை என்பது முதல் வாதம். உஜ்வாலாவின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அங்கே பயன்பாட்டைக் குறைத்த காரணிகளுள் கடனும் ஒன்று. பராமரிப்பின்றிக் கெட்டுப்போகும் கருவிகள் பற்றிய கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு பராமரிப்பு நிதியும் உள்ளூர்ப் பழுதுநீக்கும் ஆளும்தான். கடனாளியாக்குவதால் மின்கலம் நீடித்து உழைக்காது.

அரசிடம் நிதி குறைவு, கடன் கொடுத்தால் அதே நிதியில் பலருக்கு உதவலாம் என்பது இரண்டாம் வாதம். மேலே கண்டபடி, இலவச மின்சாரம் பெறும் வீட்டில் செய்யும் முதலீடு அரசின் மானியச் செலவைக் குறைத்து, காலப்போக்கில் தன் விலையைக் கருவூலத்துக்கே திருப்பித் தருகிறது. ஆகவே இந்தத் தொகை அரசுக்கு வீண்செலவன்று. பலருக்கு உதவுவதாகச் சொல்லும் கடன் திட்டம், உண்மையில் கடன் பெறத் தகுதியுடைய பலருக்கு மட்டுமே உதவுகிறது.

விரும்பியவர் மட்டும் வாங்கட்டுமே என்பது மூன்றாம் வாதம். ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1,20,000 ரூபாய் மானியமும், விரும்பினால் 70,000 ரூபாய் வரை கடனும் என்று விதி இருக்கிறது. மானியத் தொகையில் வீடு முடியாது என்பதால், ‘விருப்பக் கடன்’ பலருக்குக் கட்டாயமாகிறது. மானியம் போதாத இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

கடனுக்கு மாற்று உண்டு

நாம் கோருவது புதுமையன்று. 1985-86இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகத் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் புகையில்லா அடுப்பு வீட்டின் ஒரு பகுதியாகவே மானியத்தில் அடங்கியது. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளும் முழு மாநில நிதியில் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கான 1,80,000 ரூபாயில் 30,000 ரூபாய் விளக்குகளுக்கானது. பட்டியல் சாதியினருக்கு 29 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய கிராம உஜாலா திட்டத்தில் பழைய குண்டு பல்புக்கு மாற்றாக எல்.இ.டி. பல்பு 10 ரூபாய்க்குத் தரப்பட்டது. மீதி விலை கார்பன் வரவு மூலம் ஈடுசெய்யப்பட்டது, குடும்பத்தின் மேல் கடன் விழவில்லை. தெலங்கானா 2023இல் வெளியிட்ட குளிர்கூரைக் கொள்கை அரசு கட்டித்தரும் வீடுகளையும் உள்ளடக்குகிறது.

நிதிக்கும் வழி உண்டு. 1979-80 முதல் நடைமுறையிலுள்ள சிறப்பு உட்கூறுத் திட்டத்தின் அடிப்படை, பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்குவது. தமிழ்நாட்டில் 2024இல் இதற்குத் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. இந்நிதி பொதுத் திட்டங்களுக்குத் திருப்பிவிடப்படுவது நெடுங்காலக் குறை. கர்நாடகம் அத்தகைய திருப்பலுக்கு இடமளித்த 7ஆம் பிரிவின் ‘ஈ’ உட்பிரிவை 2023இல் நீக்கியது. சேரி வீடுகளின் எரிசக்தி மேம்பாடு, தனிமனிதப் பயன் நேரடியாகத் தெரியும் செலவு. இந்நிதிக்கு அதைவிடப் பொருத்தமான பயன்பாடு அரிது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. இலவச மின்சார வரம்புக்குள்ளும் அதை ஒட்டியும் பயன்படுத்தும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு மின்விசிறி, விளக்கு, கூரை வெப்பத்தடுப்பு ஆகியவை முழு மானியமாக வழங்கப்பட வேண்டும். பழைய தொகுப்பு வீடுகளைப் பழுதுபார்க்கும்போதும், எட்டு இலட்சம் குடிசைகளை மாற்றும் இலக்கோடு தமிழ்நாட்டில் நடைபெறும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் இவை மதிப்பீட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும். தனிக்கூரை இல்லாத குடியிருப்புகளில் பொது இடத்தில் சூரிய மின்னமைப்பு நிறுவி, அதன் வருவாய் அக்குடியிருப்பு மக்களின் பெயரில் வரவு வைக்கப்பட வேண்டும். கருவிக்கான எந்தத் தவணையும் மின்கட்டணத்தோடு கலக்கப்படக் கூடாது. கலந்தால், தவணை நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டும். பராமரிப்புக்கு ஐந்தாண்டு நிதி தனியே ஒதுக்கப்பட வேண்டும்.

களத்தில் உடனே செய்யத்தக்கவை மூன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தத்தம் மாவட்டத்தில் கூரைச் சூரியத் திட்டத்தில் பயன்பெற்ற பட்டியல் சாதிக் குடும்பங்களின் எண்ணிக்கையையும், வங்கிகள் நிராகரித்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் கேளுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில் மேற்கண்ட கோரிக்கைகளைத் தீர்மானமாக முன்மொழிந்து, பதிவேட்டில் ஏறியதை உறுதிசெய்து நகல் பெறுங்கள். கட்டணம் தொடர்பாக ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும்போது எழுத்துவழி மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அந்த மேசைக்குச் சேரியிலிருந்து மனுக்கள் அரிதாகவே போகின்றன. அதனாலேயே நம் வீட்டுக் கணக்கை நமக்காக வேறு யாரோ போட்டுவிடுகிறார்கள்.